வஞ்சிரத்துக்கு ஓர் இரும்பு ஃபிரேம்

பிரபு கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினான். மோட்டார்கள் "ம்ம்ம்" என்று முனகின. மெஷின் அசையவில்லை.

இன்னொரு முறை அழுத்தினான். இன்னொரு முறை முனகல்.

"பூசணிக்கா ஒடச்சீங்க, எலுமிச்சம்பழம் நசுக்குனீங்க, அப்பவும் நவுர மாட்டேங்குதே. இன்னா சார் இது?" என்று என் கணவரைக் கேட்டார் ஏகாம்பரம்.

என் கணவர் சுந்தரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மனசு சரியில்லாவிட்டால் அதைத் துடைப்பார். அன்று துடைத்துக்கொண்டே இருந்தார்.

பொங்கலுக்குக் கொஞ்சம் முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருக்கழுக்குன்றம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். டிராக்டர் நிறுத்துவதற்காக ஏகாம்பரம் கட்டிய ஷெட்டுக்குள் நின்றிருந்தோம். அவருடையது விவசாயக் குடும்பம். அப்போது பாதி நேரம் டெம்போதான் ஓட்டினார், அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம். ஷெட்டுக்குள் ரெட் ஆக்ஸைடு பெயின்ட் வாசனை. வெளியே களத்தில் காய்ந்த வேர்க்கடலையின் மண் வாசனை. இரண்டும் கலந்து வந்தால் இன்றைக்கும் எனக்கு அந்த "ம்ம்ம்" கேட்கும்.

மெஷினைச் சுற்றி நின்றவர்களில் மூன்று பேர் அணுபுரத்தில் அணுசக்தித் துறை குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு, பொறியியல் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவர்கள். நான், என் கணவர், எங்களோடு வேலை பார்த்த முத்துக்குமார். நாலாவது ஆள் என் தம்பி பிரபு. மெஷின் அவனுக்காக. அது ஓடினால் அவன் இங்கே இருப்பான். ஓடாவிட்டால் பொங்கல் கழிந்ததும் மஸ்கட்டுக்கு விமானம் ஏறுவான். விசா வந்து அம்மாவின் பீரோவில் இருந்தது.

"வீட்டில் சி.என்.சி. ரூட்டர் செய்தோம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்களே, அது என்ன?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தில் எழுத்தும் பூவும் குடைகிற மெஷின், ஐயா. அதில் வேகமாகச் சுற்றும் கட்டர் ஒன்று. அதை இடம் வலமாக, முன் பின்னாக, மேல் கீழாக நகர்த்த மோட்டார்கள். எல்லாவற்றையும் ஆடாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஃபிரேம். இந்த ஃபிரேமால்தான் எங்கள் மானம் போனது.

மாவு மில்லும் மஸ்கட்டும்

பிரபு படூர் பக்கம் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தான். ஒரு திங்கட்கிழமை காலை போனபோது கம்பெனி பூட்டியிருந்தது. முதலாளியின் போனும் எடுக்கப்படவில்லை. டாட்காம் கம்பெனிகள் சரிந்த அந்தக் காலத்தில் அப்படி நிறைய நடந்தது. தோளில் ஒரு பையோடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தான்.

செங்கல்பட்டில் இருந்த அம்மாவுக்குத் தகவல் போனது. அம்மா அன்று மாலையே மஸ்கட்டில் இருக்கும் தம்பிக்கு, அதாவது எங்கள் மாமாவுக்கு, போன் போட்டுவிட்டாள். மாமா அங்கே ஓர் ஆபீஸில் கணக்கு வேலை பார்த்தார். பிரபுவுக்கும் அதே ஆபீஸில் ஒரு நாற்காலி பிடித்துத் தருவதாகச் சொன்னார்.

அம்மாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் அப்பா திடீரென்று போனபோது, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மாவு மில் அம்மாவின் தலையில் வந்து விழுந்தது. அதுவரை அம்மா மில் வாசலோடு சரி. சோற்றுக் கூடையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். காரியம் முடிந்த கையோடு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டாள்.

அதற்கப்புறம் மாவு படியாத புருவத்தோடு அம்மாவை நான் பார்த்தது அபூர்வம். மிளகாய் அரைக்கிற நாட்களில் தெருவே தும்மும். அம்மா மட்டும் தும்ம மாட்டாள். ராத்திரி படுத்தபிறகுதான் இருமுவாள். சத்தத்தில் வேலை செய்து செய்து, வீட்டிலும் உரக்கத்தான் பேசுவாள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஆபீஸ் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கவில்லை. "ஏசி கீதா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்படிப்பட்டவளிடம் பிரபு போய், "மஸ்கட் வேணாம்மா. மெஷின் செஞ்சு மரத்துல போர்டு குடையப் போறேன்" என்றான்.

"இன்னாடா சொல்ற? நான் இத்தினி வருசமா தூசி துன்னுகினு கெடக்கறது உன்னியத் திரும்பத் தூசிலயே தள்றதுக்கா?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அழுதாள். நான் நடுவில் பேசினேன். பேசிப் பேசி ஒரு வாக்கு வாங்கினேன். கையில் ஓர் ஆர்டர் இருந்தது. பொங்கலுக்குள் போர்டுகளைச் செய்து கொடுத்து, ஆர்டர் கொடுத்தவர் நன்றாக இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டால் பார்க்கலாம். இல்லையென்றால் பேச்சே கிடையாது, மஸ்கட்.

மீன் பெயர் வைத்த அறைகள்

ஆர்டர் கொடுத்தவர் மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிப் புதிதாக ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்த தனசேகர். அறைகளுக்கு எண் போடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வோர் அறைக்கும் ஒரு மீன் பெயர். வஞ்சிரம், கொடுவா, சங்கரா, வவ்வால், நெத்திலி. எல்லாம் தமிழில், தேக்குப் பலகையில் குடைந்து, கதவுக்குக் கதவு மாட்ட வேண்டும்.

இவ்வளவுக்கும் அவர் சுத்த சைவம். மீன் பெயர்கள் எல்லாம் அவர் மனைவி எழுதிக் கொடுத்தவை.

இந்த ஆர்டர் கிடைத்ததே ஒரு கூத்து. பிரபு எங்கள் வீட்டு பால்கனியில் பிளைவுட்டும் மேஜை டிராயர் சறுக்குகளும் வைத்து முதல் மெஷினைச் செய்திருந்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பொறுக்கிய பழைய பிரிண்டர் மோட்டார்கள். அதில் சோதனைக்கு ஆங்கிலத்தில் HOTEL என்று குடைந்தான். அச்சடித்த மாதிரி வந்தது. அந்தப் பலகையைக் கொண்டு போய்க் காட்டித்தான் ஆர்டர் வாங்கினான். வந்து ஆசையாக 'வஞ்சிரம்' என்று குடைந்தான்.

வந்ததைப் பார்த்து என் கணவர், "யாரோ பாதி கடிச்சுட்டு வச்ச முறுக்கு மாதிரி இருக்கே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிரபுவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

விஷயம் என்னவென்றால், அந்த ஆங்கில வார்த்தையில் நாலு எழுத்து வெறும் நேர்கோடு. நேர்கோட்டில் ஒரு மோட்டார் இழுத்துக்கொண்டே போகும், சுகமாகப் போகும். நம் எழுத்து அப்படியா? 'வ' ஒரு சுழி, 'ஞ்' என்றால் சுழித்து, வளைந்து, மறுபடி சுழித்து, மேலே ஒரு புள்ளி வேறு. சுழியில் இரண்டு மோட்டார்களும் கணத்துக்குக் கணம் திசை மாற்ற வேண்டும். திசை மாறுகிற ஒவ்வொரு முறையும் பலவீனமான ஃபிரேம் கொஞ்சம் அசையும். அந்த அசைவு அப்படியே மரத்தில் விழும். பிளைவுட் ஃபிரேம் கடற்கரை ஈரத்தில் ஊறி, ஸ்க்ரூ எல்லாம் லொடலொடத்து, தலையாட்டிக்கொண்டே எழுதியிருந்தது.

அன்றைக்குத்தான் முடிவு செய்தோம். மோட்டாரும் கம்ப்யூட்டரும் பிரபுவின் பொறுப்பு. ஃபிரேமை நாங்கள் செய்து தருகிறோம், இரும்பில். ஆடுகிறதா பார்த்துவிடுவோம்.

மூன்று கையெழுத்து

நானும் என் கணவரும் முத்துக்குமாரும் சேர்ந்து உட்கார்ந்தால் அது ஆபீஸ்தான், இடம் டைனிங் டேபிளாக இருந்தாலும் சரி. நான் தொட்டி வடிவமைக்கிறவள். முத்துக்குமார் குழாய்களைத் தாங்கும் சட்டங்கள் செய்கிறவர், திருநெல்வேலிக்காரர். என் கணவர் பூகம்பம் வந்தால் கட்டடம் என்ன ஆகும் என்று பார்க்கிறவர்.

எங்கள் தொழிலில் ஒரு வரைபடத்துக்கு மூன்று கையெழுத்து வேண்டும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். வேறு மாதிரி வேலை செய்ய எங்களுக்குத் தெரியாது. ஆகவே பிரபுவின் மெஷினுக்கும் அதே முறை. நான் வரைவேன், முத்துக்குமார் சரிபார்ப்பார், என் கணவர் ஒப்புதல் தருவார்.

"இதுக்கு எதுக்குக்கா மூணு கையெழுத்து? நான் ஒருத்தன்தானே யூஸ் பண்ணப் போறேன்" என்றான் பிரபு. அவனை யார் கேட்டார்கள்?

மூன்று வாரம் மாலை நேரங்களில் வரைந்தேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. ஆபீஸில் எதைச் செய்தாலும் அது முழு உருவமாக நிற்பதைப் பார்க்க வருஷக்கணக்காகும். இது அடுத்த மாதமே நிற்கப் போகிறது.

கீழே கட்டில் மாதிரி ஒரு படுக்கை. அதன் மேல் இரண்டு கால் ஊன்றி, குறுக்கே ஒரு பாலம். பாலத்தில் கட்டர் தொங்கும். பாலம் முன்னும் பின்னும் ஓடும். எல்லாவற்றையும் சதுரக் குழாயில் வரைந்தேன். ஏன் குழாய் என்று பிரபு கேட்டதற்கு ஒரு தீப்பெட்டியை எடுத்து, உள்பெட்டியைத் தள்ளிவிட்டு, வெளிக்கூட்டை அவன் கையில் கொடுத்து முறுக்கச் சொன்னேன். லேசில் முறுக்கவில்லை. ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு முறுக்கச் சொன்னேன். வெற்றிலை மாதிரி சுருண்டது. மூடின குழாய்க்கும் ஒரு பக்கம் திறந்த சேனல் இரும்புக்கும் அதுதான் வித்தியாசம். நீங்களும் முறுக்கிப் பாருங்கள், தீப்பெட்டி வீட்டில்தானே இருக்கும்.

படம் முத்துக்குமாரிடம் போனது. இரண்டு நாளில் திரும்பி வந்தது. "பிரமாதம் மேடம். அங்கங்க லேசாத் தொட்டிருக்கேன், பாத்துக்கிடுங்க" என்றார். பிறகு என் கணவரிடம் போனது. அவரும் லேசாகத்தான் தொட்டார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. படம் வெல்டிங் பட்டறைக்குப் போய்விட்டது.

உப்பும் மணலும்

இடையில் துரு பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் குடியிருந்தவர்களுக்குத் தெரியும். கேட் கீல், கேஸ் அடுப்பு, சைக்கிள் மணி, பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் துருப்பிடிக்கும். விருந்துக்கு வரும் சென்னைக்காரர்கள், "அடடா, கடல் காற்று!" என்று மூச்சை இழுப்பார்கள். நாங்கள் அந்த நேரம் ஜன்னல் கொக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்போம்.

அதனால்தான் மெஷினைக் கடலைவிட்டுத் தள்ளி ஏகாம்பரத்தின் ஷெட்டுக்குக் கொண்டு போனோம். குவார்ட்டர்ஸில் அந்தச் சத்தத்தை வைத்தால் மாடி வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார் என்பது இன்னொரு காரணம்.

குழாய்க்குள் மணல் நிரப்பினோம். வெற்றுக் குழாய் கட்டரின் சத்தத்தில் மணி போல ரீங்காரம் போடும். அந்த அதிர்வும் மரத்தில் தெரியும். மணல் அதை அடக்கிவிடும். கடல் மணல் உப்பு, உள்ளிருந்தே இரும்பைத் தின்றுவிடும். ஏகாம்பரம் பாலாற்று மணலாக ஒரு மூட்டை கொண்டுவந்தார். அதைத் தகரத்தில் போட்டு வறுத்து, ஈரம் போக்கி, புனல் வைத்து ஊற்றினோம். நாங்கள் மணல் வறுப்பதைப் பார்த்த கிராமத்துப் பெண்கள் கடலை எங்கே என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

மணல் நிரப்பும் முன்பு, பட்டறையிலிருந்து டெம்போவில் ஃபிரேம் வந்த நாளை மறக்க முடியாது. வண்டியின் பின்பக்கம் தரையைத் தொடாத குறை. இறக்குவதற்குப் பக்கத்து வயலில் இருந்தவர்களைக் கூப்பிட வேண்டியிருந்தது.

"இன்னா மேடம் இது? பலகைல பேர் எழுதற மெசினுன்னு சொன்னீங்க. இது மேல ரயிலே வுடலாம் போல கீதே!" என்றார் ஏகாம்பரம்.

எங்களுக்குப் பெருமையாக இருந்தது. என் கணவர் பாலத்தின் மேல் ஏறி நின்று குதித்துக் காட்டினார். ஒரு துளி அசைவில்லை. மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்த்தோம். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தன. முத்துக்குமார் ஃபிரேமைத் தட்டிக் கொடுத்து, "இனி சுனாமியே வந்தாலும் அசையாது" என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையே அப்போது எங்களுக்குப் பழக்கமில்லை. "இடியே விழுந்தாலும் அசையாது" என்றார்.

அதுதான் பலித்தது. பழைய பிரிண்டர் மோட்டார்களையே பூட்டி, பூசணிக்காய் உடைத்து, பிரபு பொத்தானை அழுத்தினான். "ம்ம்ம்."

சோற்றுக்கு நடுவில் வந்த கணக்கு

மதியம் வரை என்னென்னவோ செய்தோம். ஒயரை மாற்றினோம், கிரீஸ் தடவினோம், வேகத்தைக் குறைத்தோம். ரொம்பக் குறைத்தபோது பாலம் ஒரு விரற்கடை நகர்ந்தது. திசை மாற்றச் சொன்னதும் நின்றுவிட்டது. கையால் தள்ளினால்கூட, கிளம்பவும் மாட்டேன் என்றது, கிளம்பினால் நிற்கவும் மாட்டேன் என்றது.

ஏகாம்பரத்தின் மனைவி வாழை இலை போட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினார். சாப்பிட உட்கார்ந்தோம். பிரபுதான் பேச்சை ஆரம்பித்தான்.

"அக்கா, கட்டர் மரத்துல முட்டறப்ப பாலத்து மேல எவ்வளவு விசை வரும்னு வச்சுப் போட்டே?"

"அஞ்சு கிலோ வரும். மரத்துல முடிச்சு கிடிச்சு இருக்கும்னு பத்தா வச்சேன்."

முத்துக்குமாரின் கை இலையிலேயே நின்றது. "பத்துங்கது ஏற்கெனவே கூட்டுன கணக்கா? என்ன மேடம் சொல்லுதீங்க? வெறும் நம்பர்னு நெனச்சில்லா நான் அத இருபதாக்குனேன்! அதுக்குத் தக்கன குழாயையும் ஒரு சைஸ் ஏத்திட்டேன்."

நாங்கள் இருவரும் மெதுவாக என் கணவரைப் பார்த்தோம்.

அவர் மோரைக் குடித்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு இருபதுன்னு வந்தது. நான் நாப்பதுன்னு எடுத்துக்கிட்டேன்" என்றார். அதைத் துடைத்துக்கொண்டே, "அப்புறம் பூகம்பத்துக்கு ஒரு பங்கு" என்றார்.

"பூகம்பமா? மாமா, இது ரூம் பேர் குடையற மெஷின்!" என்றான் பிரபு.

"பழக்கதோஷம்டா. கட்டிலோட நீளத்தையும் எதுக்கும் இருக்கட்டும்னு கூட்டிட்டேன்."

முதலில் சிரித்தது ஏகாம்பரத்தின் மனைவி. அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது, என் கணவரின் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். முத்துக்குமாருக்குப் புரையேறிவிட்டது. சந்தேகம் வந்தால் கூட்டிப் போடு என்பதுதான் எங்களுக்கு ஊறிப்போன பாடம். மூன்று நல்ல மனசும் கூட்டிக் கூட்டிப் போட்டதில், பிரிண்டர் மோட்டார்கள் ஒரு ரயில் பாலத்தை இழுக்க வேண்டியதாகிவிட்டது.

சிரிப்பு அடங்கியபோது பிரபு இலை முன்னால் இல்லை. கை கழுவிவிட்டு வெளியே போயிருந்தான். நான் பின்னாலேயே போனேன். டெம்போவின் நிழலில் நின்றுகொண்டிருந்தான்.

"புதுசா பாலம் அடிக்க பட்டறைல நாள் கேப்பாங்கக்கா. பொங்கலுக்கு முன்னால லீவு வுட்டுடுவாங்க. முடியாது." டயரைக் காலால் தட்டிவிட்டு, "பரவால்ல, மஸ்கட்லயும் கடல் இருக்கு" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். தனக்கு ஒன்று கிடைக்காதபோது எதிரில் இருப்பவரைத் தேற்றுவான். அப்பா இறந்த வருஷம் அவனுக்குப் புத்தகப்பை வாங்க முடியாமல் போனதற்கும் அம்மாவை இப்படித்தான் தேற்றினான். நான் ஆசையாகப் போட்ட கோடுகளே அவனை விமானம் ஏற்றப் போகின்றன என்று நினைத்தபோது, அந்த ஃபிரேமை எட்டி உதைக்க வேண்டும்போல இருந்தது. உதைத்தால் என் கால்தான் போகும்.

நகராதது நிற்கட்டும்

உள்ளே முத்துக்குமாரும் என் கணவரும் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். குழாயை எங்கே அறுக்கலாம், எங்கே ஓட்டை போட்டு எடையைக் குறைக்கலாம் என்று ஒருவர். அறுத்தால் முறுக்கிக்கொள்ளும் என்று மற்றவர். நாங்கள் உள்ளே போனபோது முத்துக்குமார் எழுந்து நின்று கேட்டார்.

"சார், ஒண்ணு சொல்லுங்க. நாம மூணு பேரும் வேலைக்குச் சேந்ததுலேருந்து நகருத சாமான் ஒண்ணாவது பண்ணியிருக்கமா?"

என் கணவர் யோசித்தார். நானும் யோசித்தேன். தொட்டி நகராது. குழாயைத் தாங்கும் சட்டம் நகராது. பூகம்பத்தில் கட்டடம் நகரவே கூடாது. இத்தனை வருஷமும் ஒரு பொருள் இருந்த இடத்திலேயே இருப்பதற்காகத்தான் கணக்குப் போட்டிருக்கிறோம்.

"இல்ல" என்றார் என் கணவர்.

"பொறவு என்ன? நமக்கு வராத வேலையைப் போட்டு ஏன் இழுத்துக்கிட்டுக் கெடக்கோம்? பாலம் நிக்கட்டும். அதத்தான் நல்லாப் பண்ணியிருக்கோம்."

"பாலம் நின்னுட்டா எப்படிக் குடையும்?" என்றேன். கேட்டு முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. பிரபுவுக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

"பலகை நகரட்டும்!"

பாலத்தைக் கட்டிலோடு அசையாமல் பற்றவைத்துவிடுவது. பாலத்தின் மேல் கட்டர் மட்டும் இடமும் வலமும் ஓடும். அதன் அடியில் ஒரு லேசான மேடை, மேடைமேல் பலகை. மோட்டார் இழுக்க வேண்டியது அவ்வளவுதான். இப்படிச் செய்தால் கட்டில் ரொம்ப நீளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் பலகை பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுசாகப் போய்வர இடம் வேண்டும். டேப் பிடித்துப் பார்த்தோம். இருந்தது. 'எதுக்கும் இருக்கட்டும்' என்று கூட்டப்பட்ட நீளம். அன்றிலிருந்து இன்றுவரை என் கணவர் அதைச் சொல்லிக் காட்டாத வருஷமில்லை.

ஏகாம்பரம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப பலகய நவுத்துனா போதும்ன்றீங்க. காலைலயே சொல்லியிருந்தா ஒரு பூசணிக்கா மிச்சம் ஆயிருக்கும்" என்றார்.

பட்டறைக்காரர் ஷெட்டுக்கே வந்து பாலத்தின் கால்களைப் பற்றவைத்தார். ஒரே பக்கமாக வைத்தால் இரும்பு இழுத்துக்கொள்ளும் என்பதால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், நடுவில் ஆறவிட்டு. மேடைக்கு என் வீட்டுப் பழைய டிராயிங் போர்டையே கொடுத்தேன். மேடை ஓடுவதற்குப் போட்ட தண்டவாளம் ஒரு மூலையில் மயிரிழை தாழ்ந்திருந்தது. கூல்டிரிங்க் டின்னை வெட்டி அடியில் சொருகினோம்.

அடுத்த ஞாயிறு பிரபு பொத்தானை அழுத்தினான். மேடை சத்தமில்லாமல் ஓடியது. கட்டர் இறங்கியது. தேக்குத் தூள் பறந்தது. 'வ' முடிந்தது. 'ஞ்' ஆரம்பித்தபோது நான் ஷெட்டைவிட்டு வெளியே வந்துவிட்டேன், பார்க்கத் தைரியமில்லை. பிரபு என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனான். பலகையை ஊதிக் காட்டினான். சுழி சுழியாக இருந்தது. முத்துக்குமார் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம கையெழுத்தவிட நல்லா இருக்கு" என்றார்.

மாமல்லபுரத்தில் அம்மா

பொங்கலுக்கு முன்னதாகவே போர்டுகள் முடிந்தன. அவற்றை மாட்டுகிற அன்று அம்மா செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து நேரே ரிசார்ட்டுக்கு வந்துவிட்டாள். "அந்த ஓட்டல்காரரு வாயால நான் கேக்கணும்" என்று சொல்லியிருந்தாள். மில் ஓடாத நாள், மாவில்லாத புருவம். பட்டுப் புடவை கட்டியிருந்தாள்.

பிரபு ஸ்டூல்மேல் நின்று கடைசி போர்டுக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தான். அம்மா அவனைத் தாண்டிப் போனாள். தாழ்வாரத்தில் முதல் கதவிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு கதவின் முன்னாலும் நின்று, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். "கொ... டு... வா." சுண்டுவிரலை எழுத்தின் பள்ளத்தில் விட்டு, சுழி போகிற வழியெல்லாம் ஓட்டிப் பார்த்தாள். "சங்... க... ரா." உள்ளே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா அவசரப்படவில்லை. 

தனசேகர் வந்து கை கூப்பினார்.

"நல்லா கீதா சார்? மெய்யா சொல்லணும். நான் எதிர்ல நிக்கறேன்னு எம்புள்ளைக்கோசரம் சொல்லாதீங்க" என்றாள் அம்மா.

"நல்லா இல்லேன்னா மாட்ட வுட்டிருப்பேனாம்மா? ரெஸ்டாரண்டுக்கும் இவரையே செய்யச் சொல்லிட்டேன். பக்கத்து ரிசார்ட்காரரு நேத்து வந்து பாத்துட்டு, யாரு செஞ்சதுன்னு கேட்டுட்டுப் போனாரு. நெத்திலி ரூமத்தான் யாரும் கேக்க மாட்டாங்கன்னு என் மனைவி பயப்படறாங்க. அதுக்கு இவரு இன்னா பண்ணுவாரு?"

அம்மா பிரபுவைப் பார்த்தாள். ஸ்டூலிலிருந்து இறங்கி நின்றான். அவன் தலைமுடியிலும் இமையிலும் தேக்குத் தூள். அம்மா முந்தானையை எடுத்து அவன் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"மூக்குக்குத் துணி கட்டிக்கினுதான் வேல செய்யணும். தெனமும் கட்டணும். நான் திடீர்னு வந்து பாப்பேன்" என்றாள்.

பிரபு தலையை ஆட்டினான். அம்மா என்ன சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. எனக்கு முன்பே புரிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ரிசப்ஷனில் போன் இருந்தது. தனசேகரிடம் கேட்டு, மஸ்கட்டுக்கு எண்ணைச் சுற்றச் சொன்னாள். மில் சத்தத்தில் பேசுகிற அதே குரலில் பேசினாள். தோப்பு வரை கேட்டிருக்கும்.

"தம்பி, பிரபு வரல. ஆமா, வரல. அவனுக்கு இங்க வேல கீது. இல்லடா, யாருகிட்டயும் வேல இல்ல, அவனே வச்சிகினு கீறான். நான் கண்ணால பாத்துட்டேன். நீ அந்த நாற்காலிக்கு வேற ஆளப் பாத்துக்க. ஒடம்பப் பாத்துக்க."

போனை வைத்தாள். பிரபு தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்துகொண்டு அழுதான். அம்மா அவனை அழவிட்டாள். பிறகு பக்கத்தில் போய் நின்று, அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டாள்.

"மில்லுக்கு ஒரு போர்டு போட்டுக் குடு. அங்க இன்னும் உங்கப்பா பேருதான் கீது. அவரு போயி இத்தினி வருசமா மாவு அரைக்கறது யாரு?"

"என்ன பேர் போடட்டும்மா?" என்றான் பிரபு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"சரோஜா. பெரிசாப் போடு. பஸ்ல போறவங்களுக்குத் தெரியணும்."